முள்ளங்கிக்கு இரண்டு மணி நேரம்

சிட்டு எங்கள் வீட்டு ஜெர்சிக் கலப்புப் பசு. இரண்டாம் ஈத்தில் கன்றை இழுத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. கன்றுக்குப் பின்னால் விழ வேண்டிய இளங்கொடி, அதாவது நஞ்சுக்கொடி, விழவில்லை. மறுநாள் வைத்தியம் பார்க்க வந்தவர் கையை விட்டு உருவி எடுத்தார், உள்ளே நாலு மாத்திரை வைத்தார், ஊசியும் போட்டார். தொல்லை விட்டதென்று இருந்தோம். பத்து நாள் போனதும் மாடு படுத்து எழும்போதெல்லாம் மோர் மாதிரி சீழ் வழிந்தது. வால் முழுக்க நாற்றம். அப்புறம் சினை பிடிக்க ஐந்து ஊசி போட்டும் ஒன்றும் நிற்கவில்லை.

மருந்து வைத்த அந்த வாரம் பாலைச் சொசைட்டிக்கு ஊற்றக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை, ஊற்றினோம். கருப்பைக்குள் வைக்கிற மருந்து ரத்தத்தில் ஏறிப் பாலுக்கும் வரும் என்பது பிறகுதான் தெரிந்தது. அந்தப் பாலை என் தங்கை பிள்ளைகளும் குடித்திருக்கிறார்கள்.

"அந்தக் காலத்துல தொங்குற கொடியில பழைய செருப்பைக் கட்டி விடுவோம், கனத்துக்கு வந்துரும்" என்பார் அத்தை. வரும்தான். பாதி அறுந்து உள்ளேயே நின்று அழுகும். பாட்டி வைத்தியம் எல்லாமே நல்லது என்று பேசுகிறவர்களுக்கு நான் இந்தச் செருப்பைத்தான் சொல்வேன்.

எனக்குக் கைகொடுத்தவை பேராசிரியர் புண்ணியமூர்த்தி தொகுத்த மூலிகை முறைகள். கால்நடைப் பல்கலைக்கழகத்தின் தஞ்சாவூர் மையத்தில் இருந்தவர். தேசிய பால்வள வாரியமும் அவற்றை எடுத்துப் பரப்புகிறது. கொடிக்கு அவர் சொல்வது இதுதான்: கன்று விழுந்த 2 மணி நேரத்துக்குள் ஒரு முழு வெள்ளை முள்ளங்கி. 8 மணி நேரம் ஆகியும் விழாவிட்டால் ஒன்றரைக் கிலோ வெண்டைக்காயை இரண்டாக நறுக்கி, வெல்லமும் உப்பும் சேர்த்துத் தின்னக் கொடுக்க வேண்டும். அதற்கும் அசையாவிட்டால் கொடியை அடியில் முடிச்சுப் போட்டு, முடிச்சுக்கு 2 அங்குலம் கீழே வெட்டிவிட்டு, கையை எடுத்துவிட வேண்டும். உருவவே கூடாது. பிறகு நாலு வாரத்துக்கு வாரம் ஒரு முள்ளங்கி.

ஒருவழியாகச் சினை நின்று, சிட்டுவின் மூன்றாம் ஈத்து ஐப்பசி மழையில். சாயங்காலம் ஐந்துக்குக் கன்று, ஆறுக்கு முள்ளங்கி. ராத்திரி ஒரு மணி வரை கொடி தொங்கிக்கொண்டே இருந்தது. என் வீட்டுக்காரர் டார்ச் பிடிக்க, நான் வெண்டைக்காய் நறுக்கினேன். "சாம்பார் வச்சிருந்தா நாலு நாளைக்கு வந்திருக்கும்" என்றார். சிட்டு முதலில் முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. வெல்லத்தை இன்னும் கொஞ்சம் பிசைந்ததும் தின்றது. விடியற்காலை ஐந்துக்குக் கொடி விழுந்தது. மாடு தின்பதற்குள் எடுத்துச் சாக்கில் சுற்றிக் குளத்தங்கரை ஆலமரத்தில் கட்டிவிட்டு வந்தார். வெண்டைக்காய்தான் விழவைத்ததா, தானே விழ இருந்ததா, சத்தியம் பண்ணிச் சொல்ல மாட்டேன். இந்தத் தடவை சீழ் இல்லை, மருந்தும் இல்லை. எனக்கு அது போதும்.

எங்கள் இன்னொரு மாடு கருப்பி விஷயம் வேறு. போன வருஷம் தை மாதம் அதற்கும் இதையெல்லாம் செய்தோம். கொடி விழவில்லை, முடிச்சுப் போட்டு வெட்டினோம். நாலாம் நாள் தீவனத்தைத் தொடவில்லை. பின்பக்கம் செங்காவி நிறத்தில் நாற்றத் தண்ணீர். காய்ச்சல் 104. மாட்டுக்கு 101.5தான் சாதாரணம். டாக்டருக்குப் போன் போட்டேன். "காய்ச்சல் வந்துட்டா முள்ளங்கியெல்லாம் பத்தாதும்மா" என்று ஊசி போட்டார். அவர் சொன்னது சரி. மாடு பிழைத்தது அந்த ஊசியால். அவர் சொன்ன நாள் வரை கறந்த பாலைத் தென்னை மரத்துக்கு ஊற்றினேன். மனசு கேட்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டு ஊற்றினேன்.

உடம்பு தேறியது, ஆனால் இரண்டு சினை ஊசி தவறிப்போனது. பருவத்துக்குக் கத்தும், அப்போது பின்பக்கம் வழிகிற கோழை கண்ணாடி மாதிரி இல்லாமல் கலங்கலாக வரும். காய்ச்சல் இல்லை, தீனியும் தின்கிறது. இந்த இடத்தில்தான் மூலிகைக்கு வேலை என்று நினைத்தேன். பருவம் வந்த முதல் நாளில் ஆரம்பித்தேன்: தினம் ஒரு முள்ளங்கி 5 நாள், சோற்றுக்கற்றாழை ஒரு மடல் 4 நாள், முருங்கைக்கீரை நாலு கைப்பிடி 4 நாள், பிரண்டை நாலு கைப்பிடி 4 நாள், கறிவேப்பிலை நாலு கைப்பிடி மஞ்சளோடு 4 நாள். எல்லாமே வெல்லமும் உப்பும் சேர்த்து. கூட்டிப் பார்த்தால் 21 நாள், ஒரு பருவத்திலிருந்து அடுத்த பருவம் வரை. பிரண்டை நறுக்கிய நாலு நாளும் கை அரித்த அரிப்பு இருக்கிறதே! கையில் நல்லெண்ணெய் தடவிக்கொள்ள வேண்டும் என்று அத்தை மூன்றாம் நாள்தான் சொன்னார்.

ஆடியில் வந்த பருவத்தில் கோழை தெளிவாக இருந்தது. அன்றைக்குப் போட்ட ஊசி நின்றுவிட்டது.

கருப்பிக்குச் சித்திரைக் கடைசியில் நாள். வெயில் காலத்தில் எங்கள் கடைத்தெருவில் நல்ல முள்ளங்கி கிடைப்பது சந்தேகம். ராத்திரி கன்று போட்டால் கடையைத் தேடி ஓடவும் முடியாது. மாசி முடிகிற வாரமே தொழுவத்துக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டி வழிகிற இடத்தில் இரண்டு பாத்தி விதைத்துவிட்டேன். முளைத்து மூன்று இலை விட்டிருக்கிறது. கோழி கிளறாமல் இருக்கப் பழைய கொசுவலையைப் போர்த்தி வைத்திருக்கிறேன்.