டோனி அயோமியின் விரல்கள்

ராக் கிட்டார் என்றால் எல்லோரும் ஜிமி ஹென்ட்ரிக்ஸைத்தான் முதலில் சொல்வார்கள். எனக்கு பிளாக் சபாத் இசைக்குழுவின் கிட்டார் கலைஞர் டோனி அயோமிதான். பர்மிங்காம் தகட்டுத் தொழிற்சாலையில் வேலை செய்த பெடியன். 17 வயதில், வேலையை விட்டு விலகும் கடைசி நாளில், இயந்திரம் வலது கையின் நடுவிரல், மோதிரவிரல் நுனிகளை எடுத்துவிட்டது. இடதுகைக்காரர் என்பதால் தந்தியை அழுத்தும் கையே அதுதான்.

தொழிற்சாலை மேற்பார்வையாளர் ஒரு இசைத்தட்டைக் கேட்கவைத்தார். வாசித்தவர் ஜாஸ் கிட்டார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட். 1928இல் தீயில் இரண்டு விரல்கள் முடங்கியும் மீதி இரண்டால் அசத்தியவர். அப்புறம் அயோமி சும்மா இருக்கவில்லை. பிளாஸ்டிக் போத்தலை உருக்கி விரலுக்கு உறை செய்தார், மேலே தோல் ஒட்டினார். அழுத்தச் சுலபமாக இருக்க மெல்லிய தந்தி பூட்டினார், பிறகு தந்தி தளரச் சுருதியையும் இறக்கினார். பிளாக் சபாத்தின் கனத்த ஒலி அப்படியும்தான் பிறந்தது.

கிளிநொச்சியில் என்னிடம் கிட்டார் பழக வரும் தம்பி ஒருவனுக்கு, ஷெல் பட்டு இடது மோதிரவிரலில் பாதி இல்லை. "அண்ணை, எனக்குச் சரிவருமோ?" என்றான். அயோமியின் கதையைச் சொன்னேன். ராக்கில் அதிகம் வரும் பவர் கோர்டுக்கு, அதாவது இரண்டு சுரத்தைச் சேர்த்து வாசிப்பதற்கு, இரண்டு விரல் போதும்: சுட்டுவிரல் ஆறாம் தந்தியில், சின்னவிரல் ஐந்தாம் தந்தியில் இரண்டு ஃபிரெட் (கிட்டார் கழுத்தில் உள்ள உலோகக் கட்டை) தள்ளி. மெல்லிய தந்தி மாற்றி, சுருதியை அரைச் சுரம் இறக்கியிருக்கிறோம். அடுத்த கிழமை சின்னவிரலுக்குப் பலம் சேர்க்கும் பயிற்சி.