ஸ்கோஹாரி பள்ளத்தாக்கில் இரண்டு இரவுகள்

நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனிக்கு மேற்கே உள்ள ஸ்கோஹாரி பள்ளத்தாக்கில், வாடகைக்கு எடுத்த, வீட்டு வசதிகள் கொண்ட வண்டியான மோட்டார்ஹோமை ஒரே ஓர் இரவு நிறுத்திவிட்டுக் கிளம்புவதாகத்தான் நானும் என் மனைவியும் எண்ணியிருந்தோம். அக்டோபர் மாதத்துப் பிற்பகலில் 30ஆம் எண் சாலையில் இறங்கியபோது, இருபுறமும் மலைகள் நிற்க, நடுவே மேசைபோல் விரிந்த கரிய வண்டல் நிலத்தில் சோளத்தட்டைகளும் பரங்கிக்காய்களும் கண்ணுக்கெட்டிய தூரம் வரை கிடந்ததைக் கண்டு, முகாமில் இரண்டாம் இரவுக்கும் சேர்த்தே பணம் கட்டினோம்.

வண்டியைச் சமன்படுத்தி, மின்சாரத்தையும் தண்ணீர்க் குழாயையும் இணைக்க அரை மணி நேரம் ஆயிற்று. பிறகு ஓடைக்கரைக்கு நடந்தோம். ஓடை என்று பெயர் பெற்றிருந்தாலும், கேட்ஸ்கில் மலைகளில் பிறந்து, வடக்கு நோக்கி 90 மைலுக்கும் மேல் ஓடி மொஹாக் ஆற்றில் கலக்கும் ஆறு அது. ஸ்கோஹாரி என்ற மொஹாக் பழங்குடியினரின் சொல்லுக்கு மிதந்து வரும் மரம் என்று பொருள் கூறுகிறார்கள். வெள்ளம் மரங்களோடு கொண்டுவந்து சேர்த்த மண்ணே இங்குள்ள வாழ்வு முழுவதற்கும் அடிப்படை.

அந்த மண்ணைத் தேடி முதலில் வந்த ஐரோப்பியர், ஜெர்மனியின் பாலட்டினேட் பகுதியைச் சேர்ந்த அகதிகள். ஆங்கிலேயக் கடற்படைக்குத் தார் எடுப்பதற்காக 1710இல் ஹட்சன் ஆற்றங்கரையில் குடியமர்த்தப்பட்ட அவர்கள், அத்திட்டம் தோற்று உணவு வழங்கலும் நின்றுபோனபின், 1712–13 குளிர்காலத்தில் இங்கு வந்து சேர்ந்தார்கள். இரண்டு தலைமுறைக்குள் இது கோதுமைக் களஞ்சியமாயிற்று. அமெரிக்க விடுதலைப் போரில் வாஷிங்டனின் படைக்கு இங்கிருந்து தானியம் போனதாலேயே, 1780 அக்டோபர் 17 அன்று, அறுவடை களஞ்சியங்களில் சேர்ந்திருந்த நேரம் பார்த்து, பிரிட்டிஷ் தரப்பில் போரிட்ட சர் ஜான் ஜான்சனும் மொஹாக் தலைவர் ஜோசப் பிராண்டும் படையோடு வந்து பள்ளத்தாக்கைக் கொளுத்தினார்கள்.

மறுநாள் காலை நாங்கள் பார்த்த பழைய கல்கோட்டை, 1772இல் தேவாலயமாகக் கட்டப்பட்டுப் போர்க்காலத்தில் மரவேலி சூழ்ந்த அரணாக்கப்பட்டது. அன்றைய பீரங்கிக் குண்டு துளைத்த ஓட்டை அதன் கூரை விளிம்பில் இன்றும் இருக்கிறது. அண்ணாந்து அதைப் பார்த்தபோது எனக்குக் கோட்டையைவிட, குளிர்காலத்துக்குச் சேர்த்த தானியம் எரிவதை உள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்த உழவர்களின் நினைவே வந்தது. உழைப்பவன் கையிலிருந்து விளைச்சலைப் பறிக்கும் போரை எந்தப் பக்கத்தின் பெயராலும் நியாயப்படுத்த என் மனம் ஒப்பவில்லை.

அங்கிருந்து தெற்கே பிளென்ஹைம் பாலத்துக்குப் போனோம். நிக்கலஸ் பவர்ஸ் 1855இல் கட்டிய, கூரை வேய்ந்த மரப்பாலம், நடுவில் தூணே இல்லாமல் 200 அடிக்கு மேல் நீண்டு ஆற்றைத் தாண்டியிருந்தது. 2011 ஆகஸ்ட் 28 அன்று ஐரீன் புயல் கொண்டுவந்த பெருவெள்ளம் அதை அடித்துக்கொண்டு போயிற்று. வயல்களும் ஸ்கோஹாரி ஊரின் வீடுகளும் நீரில் மூழ்கின. இப்போது நிற்பது பழைய வடிவிலேயே, முன்னைவிட உயரமாக எழுப்பிய புதிய பாலம். பாலத்தை உயர்த்த முடிந்தது, ஆனால் வயலை உயர்த்த முடியாது. வண்டலைத் தருவதும் அதே வெள்ளம் என்பதால், நீர் வடிந்தபின் அந்தத் தாழ்ந்த நிலத்திலேயே மறுபடி உழுதிருக்கிறார்கள்.

மாலையில் மிடில்பர்க் அருகே விரோமன்ஸ் நோஸ் குன்றில் ஏறி, பனியாறு கீறிய பாறையின் மேல் அமர்ந்து பார்த்தோம். அறுத்த வயலும் அறுக்காத வயலும் கட்டம் கட்டமாகக் கீழே தெரிந்தன. ஒரு டிராக்டர் விளக்கைப் போட்டுக்கொண்டு இன்னும் உழுதுகொண்டிருந்தது. திரும்பும் வழியில் ஆளில்லாத சாலையோரக் காய்கறிக் கடையின் பெட்டியில் பணத்தைப் போட்டுவிட்டு ஒரு பரங்கிக்காயை எடுத்துவந்தோம். மோட்டார்ஹோமின் சிறிய அடுப்பில் மனைவி வைத்த பரங்கிக்காய்க் கூட்டில் சர்க்கரை சேர்க்கத் தேவையே இருக்கவில்லை.