விலை கூடின வாட்ச்சைக் கட்டிக்கொண்டு வெளியே போக நான் செய்த ஏற்பாடுகள்

என்னிடம் இருப்பது ரோலெக்ஸ் சப்மரீனர், 16610 மாடல். புதிது இல்லை, இன்னொருவர் கட்டிக் கழித்த பிறகு என்னிடம் வந்தது. எஃகு உடம்பு, கறுப்பு டயல், தங்கமோ வைரமோ கிடையாது. தெரியாதவர்களுக்கு அது வெறும் செயின் வாட்ச். தெரிந்தவன் கண்ணுக்கு நாலு மேசை தள்ளி உட்கார்ந்திருந்தாலும் பளிச்சென்று தெரியும். வழிப்பறி செய்கிறவன் அந்தத் தெரிந்தவர்களில் ஒருவன் என்பதுதான் தொல்லை.

கட்டுவதா, பெட்டிக்குள் பூட்டி வைப்பதா என்று கொஞ்ச காலம் யோசித்தேன். பூட்டி வைக்க ஒரு வாட்ச் எதற்கு? கட்டிக்கொண்டுதான் போவது என்று முடிவானதும், அதற்கு முன் முடிக்க வேண்டிய வேலைகளை ஒவ்வொன்றாக எடுத்தேன்.

முதல் வேலை, இந்தத் திருட்டு எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்வது. பிரபலமானவர்களுக்கு நடந்தவை செய்திகளில் விவரமாகவே கிடைக்கின்றன. ஃபார்முலா ஒன் ஓட்டுநர் லாண்டோ நோரிஸ் 2021 ஜூலையில் வெம்பிளியில் யூரோ இறுதிப் போட்டியைப் பார்த்துவிட்டுக் கிளம்பும்போது பறிகொடுத்தார். குத்துச்சண்டை வீரர் ஆமிர் கான் 2022 ஏப்ரலில் கிழக்கு லண்டனில் மனைவியோடு சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தபோது துப்பாக்கி முனையில் பறிகொடுத்தார். அதே மாதம் இத்தாலியில் வியாரெஜ்ஜோ நகரத்தில் இன்னொரு ஃபார்முலா ஒன் ஓட்டுநரான சார்ல் லெக்லெரை ரசிகர்கள் மாதிரி நெருங்கி அவருடைய ரிச்சர்ட் மில் பிராண்ட் வாட்ச்சைக் கழற்றிக்கொண்டு போனார்கள். இவற்றைப் படித்தபோது எனக்கு ஒன்று உறைத்தது. உள்ளே உட்கார்ந்திருக்கும்போது யாரும் தொடுவதில்லை. உள்ளே நடப்பது நோட்டம் மட்டும். பறிப்பு நடப்பது வாசலுக்கும் காருக்கும் நடுவில்.

கார் ஏறிவிட்டால் தப்பித்தோம் என்றும் இல்லை. இத்தாலியிலும் பிரான்சிலும் பழைய தந்திரம் ஒன்று உண்டு. ஸ்கூட்டரில் வருகிறவன் நின்றிருக்கும் காரின் பக்கக் கண்ணாடியை ஒரு தட்டு தட்டி மடக்கிவிட்டுப் போவான். ஓட்டுபவர் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி அதைச் சரிசெய்வார். அங்கே ஸ்டியரிங் இடது பக்கம், ஜன்னலோரம் இருப்பது இடது கை, வாட்ச் இருப்பதும் இடது மணிக்கட்டில். பின்னால் வருகிற இரண்டாவது ஸ்கூட்டருக்கு அது போதும். இன்னொன்று கட்டிப்பிடிப்பு: முன்பின் தெரியாத ஒருவர் வழி கேட்டோ பாசமாகவோ வந்து அணைத்துக்கொள்வார், விடுபட்டு நிமிரும்போது மணிக்கட்டு காலியாக இருக்கும்.

சரி, அடுத்தது காகித வேலை. திருடு போன பிறகு போலீஸ், இன்சூரன்ஸ் என்று யாரிடம் போனாலும் முதல் கேள்வி சீரியல் நம்பர்தான். இப்போது வரும் ரோலெக்ஸில் டயலைச் சுற்றியுள்ள உள்வளையத்தில் ஆறு மணிக்கு நேராகப் பொறித்திருப்பார்கள், கண்ணாடி வழியாகவே படிக்கலாம். என்னுடையது அதற்கு முந்தையது. ஆறு மணிப் பக்கம் செயின் சேரும் இரண்டு கால்களுக்கு நடுவில், உடம்பின் விளிம்பில் இருக்கிறது. செயினைக் கழற்றாமல் தெரியாது. வாட்ச் ரிப்பேர்காரர் ஒருவரிடம் கொடுத்தேன். செயினை உடம்போடு பிடித்திருக்கும் குட்டி ஊசிக்கு ஸ்பிரிங் பார் என்று பெயர், நுனி பிளந்த ஒரு சின்னக் கம்பியால் அதை அமுக்கிச் செயினை விடுவித்தார். உள்ளே பல வருட வியர்வையும் அழுக்கும் சேர்ந்து சாம்பல் நிறப் பசையாக ஒட்டியிருந்தது. மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்த பிறகுதான் எண் வெளியே வந்தது. பன்னிரண்டு மணிப் பக்கம் மாடல் எண். செயின் லாக்கின் உள்பக்கத்தில் தனியாக ஒரு குறியீடு. மூன்றையும் படம் எடுத்தேன். கூடவே எண் அளவுக்கு உதவக்கூடிய இன்னொன்று: கீறல்கள். ஏழு மணிக் காலில் ஒரு நெளிசல், லாக்கின் மேல் ஒரு குறுக்குக் கோடு. எண்ணைச் சுரண்டிவிட்டாலும் இந்த அடையாளங்களை வைத்து இது என் வாட்ச் என்று சொல்ல முடியும்.

அந்தப் படங்கள் போனில் மட்டும் இருந்து பயனில்லை. வழிப்பறியில் வாட்ச்சோடு போனும் போவது சகஜம். ஒரு நகல் வீட்டாரிடம், இன்னொன்று வேறு எந்தக் கருவியிலிருந்தும் எடுக்கக்கூடிய மின்னஞ்சலில். வாங்கிய ரசீதையும் உத்தரவாத அட்டையையும் வாட்ச் இருக்கும் இடத்தில் வைக்காமல் வேறிடத்துக்கு மாற்றினேன். பெட்டியும் பேப்பரும் கூடவே கிடைத்தால் திருடனுக்கு அதே வாட்ச் இன்னும் நல்ல விலைக்குப் போகும். நாம் ஏன் அவனுக்கு அந்த வசதியைச் செய்து தர வேண்டும்?

திருட்டு வாட்ச்களுக்கென்று பதிவேடுகளும் இருக்கின்றன. தி வாட்ச் ரெஜிஸ்டர் என்பது ஒன்று, பழைய வாட்ச் வாங்கி விற்பவர்களும் அடகுக்காரர்களும் அதில் எண்ணைச் சரிபார்ப்பார்கள். கார்ட்டியே முதலான பிராண்டுகளை வைத்திருக்கும் ரிஷ்மோன் குழுமம் 2023இல் என்குவைரஸ் என்ற இலவசத் தளத்தைத் திறந்தது, மற்ற பிராண்ட் வாட்ச்களையும் அதில் பதியலாம். பறிபோன அன்றே பதிந்துவிட வேண்டும், அதற்குத்தான் எண் முன்கூட்டியே கையில் இருக்க வேண்டும். என் வாட்ச்சை வாங்கும் முன் அதன் எண்ணையும் இப்படித்தான் தேடிப் பார்த்தேன். பழசு வாங்குகிறவர்கள் பணம் கொடுப்பதற்கு முன் இதைச் செய்துவிடுவது நல்லது.

அதிக நேரம் பிடித்தது இன்சூரன்ஸ். வீட்டுப் பொருள்களுக்கான பாலிசியிலேயே அடங்கிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலான பாலிசிகளில் ஒரு பொருளுக்கு இவ்வளவுதான் என்று ஒரு வரம்பு இருக்கும், நல்ல வாட்ச் அதைச் சுலபமாகத் தாண்டிவிடும். அதனால் வாட்ச்சைப் பெயர், எண், மதிப்போடு தனியாகப் பட்டியலில் சேர்க்க வேண்டும். வீட்டுக்கு வெளியேயும் செல்லுமா, வெளிநாட்டில் செல்லுமா, செல்லுமென்றால் எத்தனை நாள் என்று ஒவ்வொன்றாக எழுத்தில் கேட்டு வாங்கினேன். நான் முதலில் பேசிய நிறுவனத்தின் ஆள் "எல்லாம் கவர் ஆகும் சார்" என்று போனில் சொல்லிக்கொண்டே இருந்தார். எழுதிக் கேட்டதும் பதில் நின்றுவிட்டது. வேறிடம் பார்த்தேன்.

மதிப்புச் சான்றிதழில் தேதி முக்கியம். எஃகு ஸ்போர்ட்ஸ் வாட்ச்களின் கைமாற்று விலை 2022 தொடக்கத்தில் உச்சிக்குப் போய், பிறகு இறங்கியது. அந்த உச்சத்தில் போட்ட மதிப்பை வைத்திருப்பவர் இன்றைக்கும் கூடுதல் பிரீமியம் கட்டிக்கொண்டிருப்பார். அதற்குப் பல வருடம் முன்பு போட்ட மதிப்பென்றால் கிளெய்ம் வரும்போது கை கடிக்கும். பொடி எழுத்தில் கவனித்த மற்றவை: ஆளில்லாத காரில் வைத்துவிட்டுப் போனது திருடு போனால் பணம் கிடையாது. இரவில் பெட்டகத்தில் இருக்க வேண்டும், அந்தப் பெட்டகம் தரைக்கோ சுவருக்கோ போல்ட் போட்டு இறுக்கியதாக இருக்க வேண்டும். பணம் வாங்கிய பிறகு வாட்ச் கிடைத்தால் அது கம்பெனிக்குச் சொந்தம், திரும்ப வாங்கிக்கொள்ளும் உரிமை வேண்டுமென்றால் அது பாலிசியில் எழுதியிருக்க வேண்டும். சில தயாரிப்பாளர்களே இப்போது இதில் இறங்கியிருக்கிறார்கள். ஆடெமார் பிகே 2023இல், புதிதாக வாங்குபவர்களுக்குத் திருட்டுப் பாதுகாப்பு ஒன்றை அறிவித்தது. என்னைப் போல் பழசு வாங்கியவர்களுக்கு அது உதவாது.

பாலிசி கையில் வந்த அன்றைக்குத்தான் எனக்கு நிஜமான மாற்றம் தெரிந்தது. அதுவரை "யாராவது பிடுங்க வந்தால் என்ன செய்வேன்" என்று யோசிக்கும்போதெல்லாம் மனம் தன்னால் சண்டைக்குத் தயாராகும். இப்போது, கழற்றிக் கொடுத்துவிட்டு வீடு வந்து சேர்வதுதான் வேலை என்பதில் குழப்பமே இல்லை. ஃபார்முலா ஒன் ஓட்டுநர் கார்லோஸ் சைன்ஸ் 2023இல் மிலானில் திருடர்களைத் துரத்திப் பிடித்து வாட்ச்சை மீட்டார். அவர் உடம்பு தொழில்முறை ஓட்டுநரின் உடம்பு, எதிரில் வந்தவர்களிடம் கத்தி இருந்திருந்தால் கதை வேறு. எனக்கு அந்த வீரம் வேண்டாம்.

இதே காரணத்தால்தான் ஸ்ட்ராப் விஷயத்தில் பலர் சொன்ன யோசனையை ஏற்கவில்லை. ஸ்பிரிங் பார் பலவீனமானது, செயினுக்குள் விரலை விட்டு வெடுக்கென்று இழுத்தால் அறுந்துவிடும், அதனால் அறுபடாத துணி ஸ்ட்ராப் போடு என்றார்கள். அவர்கள் சொன்ன நேட்டோ ஸ்ட்ராப் என்பது இரண்டு ஸ்பிரிங் பாருக்குள்ளும் நுழைந்து வாட்ச்சின் அடியில் ஒரே நீளமாக ஓடும் துணி. ஒரு பார் போனாலும் வாட்ச் கீழே விழாது. மலையேற்றத்துக்கும் நீச்சலுக்கும் அருமையான விஷயம். பைக்கில் வருகிறவன் பிடித்து இழுக்கும்போது அறுபடாத வாட்ச் என்றால் கூடவே இழுபடுவது நம் கை. அந்த நேரத்தில் ஸ்பிரிங் பார் அறுந்து கொடுப்பது நமக்குச் செய்கிற உபகாரம்.

நான் செய்தது வேறு. செயினில் ஓரிரு கண்ணியைக் குறைத்து, சுண்டுவிரல்கூட உள்ளே போகாத அளவுக்குக் கையோடு பொருத்தினேன், சட்டைக் கையும் அதன்மேல் தடையில்லாமல் இறங்குகிறது. அப்புறம் இருட்டில் உட்கார்ந்து கழற்றப் பழகினேன். முதலில் மேலே இருக்கும் சின்னப் பாதுகாப்புத் தாழ்ப்பாளை நகத்தால் நெம்ப வேண்டும், அடுத்து பெரிய மூடியை இழுக்க வேண்டும், மடிப்பு விரிந்ததும் கைவிரல் கணுக்கள் வழியாக உருவ வேண்டும். பதற்றத்தில் முதல் தாழ்ப்பாளை மறந்துவிட்டு மூடியை இழுத்தால் அது வராது, எதிரில் நிற்பவன் நாம் முரண்டு பிடிக்கிறோம் என்று நினைப்பான். இப்போது என் விரலுக்கு அந்த வரிசை தானாக வருகிறது.

தினசரிப் பழக்கத்தில் பெரிய மாற்றம் ஒன்றுதான். வெளியே போகும் இடத்துக்கு வாட்ச்சைக் கட்டிக்கொண்டு போவதில்லை, கொண்டு போய்க் கட்டுகிறேன். மெல்லிய தோல் உறையில் போட்டு சட்டையின் உள்பையில் வைத்து, சாவி எதுவும் அதோடு உரசாமல் பார்த்துக்கொள்வேன். உள்ளே போனதும் கட்டுவேன், கிளம்புவதற்குச் சற்று முன் மறைவாகக் கழற்றி உறையில் போட்டுவிடுவேன். வாசலில் நின்றுகொண்டு கழற்றினால் அதுவே விளம்பரம். கழிவறையில் கழற்றுவதாக இருந்தால் வாஷ்பேசின் ஓரத்தில் வைக்கவே கூடாது. அங்கே மறந்து போகிற வாட்ச்சுக்குத் திருடன்கூடத் தேவையில்லை.

நண்பன் ஒருத்தன் சிரித்தான். "ஏண்டா, ரோட்டுல போட முடியாத வாட்ச்சை எதுக்கு வாங்கின?" என்றான். "நான் ரோட்டுல நின்னு மணி பார்க்கிறதில்லடா" என்றேன். அவன் போலி ஒன்றை வாங்கித் தைரியமாகக் கட்டிக்கொண்டு திரிகிறவன். பூதக்கண்ணாடி வைத்து அசலா போலியா என்று பார்த்துவிட்டா கத்தியை எடுக்கப் போகிறான் திருடன்? அவனுக்கும் ஆபத்து அதேதான். ஒரே வித்தியாசம், அவனுக்கு இன்சூரன்ஸ் கிடையாது.

படம் போடுவதில் எனக்கு ஆசை உண்டு, அதை மறுக்கவில்லை. வாட்ச் படத்தை அந்த இடத்தில் இருக்கும்போதே போடுவதில்லை, இடக் குறிப்பு சேர்ப்பதில்லை, சீரியல் எண் தெரியும் கோணத்தில் எடுப்பதுமில்லை.

பயணத்துக்கு சப்மரீனர் வருவதே அபூர்வம். வந்தால், விமான நிலையச் சோதனை வரிசைக்கு முன்பே கைப்பைக்குள் போய்விடும். தட்டில் தனியாக உட்கார்ந்து எக்ஸ்ரேக்குள் போகிற வாட்ச்சை வரிசையில் நிற்கும் எல்லோரும் பார்ப்பார்கள். வாங்கிய ரசீதின் நகலும் கூட வரும், திரும்பும்போது வெளிநாட்டில் வாங்கியதா என்று சுங்கத்தில் கேட்டால் காட்டுவதற்கு. மற்ற பயணங்களுக்கு ஒரு கேஸியோ போதும். திரும்பி வரும்போது பெட்டகத்தில் இருப்பது நின்றுபோயிருக்கும், இந்த மாடல் கழற்றி வைத்தால் சுமார் 48 மணி நேரம்தான் ஓடும். நேரத்தையும் தேதியையும் திருத்த வேண்டும். எந்த ஆட்டோமேட்டிக் வாட்ச்சாக இருந்தாலும் முள் இரவு ஒன்பதுக்கும் அதிகாலை மூன்றுக்கும் நடுவில் நிற்கும்போது தேதியைத் திருகாதீர்கள், பல மாடல்களில் பல் சக்கரம் போய்விடலாம். முள்ளை முதலில் ஆறு மணிக்குக் கொண்டுவந்துவிட்டு அப்புறம் தேதியை மாற்றுங்கள்.