ஆர்சிங்க்கில் கடைசிச் சாய்கோடு

டெபியன் சர்வரிலிருந்து சென்ட்ஓஎஸ் சர்வருக்கு (இரண்டும் லினக்ஸ்) ஒரு தளத்தை, கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க் கருவி வழியாக நகர்த்தி, தினசரி பேக்கப்பும் ஓடத் தொடங்கும்வரை போன வழி இது. ஒரு சர்வர் இன்னொன்றுக்குள் கடவுச்சொல் இல்லாமல் நுழைய எஸ்எஸ்எச் சாவி வைப்பதெல்லாம் ஐந்து நிமிட வேலை, விட்டுவிடுகிறோம்.

மூலப் பாதையில் "செய்தி" என்று கொடுத்தால் ஃபோல்டரே போகும். "செய்தி/" என்றால் உள்ளே இருப்பவை மட்டும். இலக்கு "தளங்கள்/", அதற்குள் செய்தி, மன்றம், படங்கள் என மூன்று ஃபோல்டர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாய்கோட்டோடு தட்டி, மூலத்தில் இல்லாததை இலக்கில் அழிக்கும் --டெலிட்டும் போட்டால், செய்தியின் கோப்புகள் நேராகத் தளங்களுக்குள் கொட்டும். மூலத்தில் இல்லாத காரணத்தால் மூன்று ஃபோல்டரும் போய்விடும். அதனால் முதல் ஓட்டம் எப்போதும் எதையும் மாற்றாத ஒத்திகையான --ட்ரை-ரன், கூடவே மாற்றங்களைப் பட்டியலிடும் --ஐட்டமைஸ்-சேஞ்சஸ். "*டெலீட்டிங்" என்று தொடங்கும் வரிகளை ஒவ்வொன்றாகப் படியுங்கள்.

நகர்த்தியதும் பக்கங்கள் திறந்தன. படம் ஏற்றினால் மட்டும் அனுமதி இல்லை என்றது. டெபியனில் வெப் சர்வர் ஓடும் டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா பயனரின் எண் 33, சென்ட்ஓஎஸ்ஸில் அப்பாச்சியின் எண் 48. ரூட்டாக (நிர்வாகியாக) ஓடும் ஆர்சிங்க், கோப்பின் உரிமையாளரைப் பெயரை வைத்துத்தான் பொருத்தும். அந்தப் பெயர் எதிர்ப்பக்கம் இல்லையென்றால் 33 என்ற எண்ணையே ஒட்டிவிடும். --சௌன் கொடுத்து உரிமையாளரை அப்பாச்சிக்கு மாற்றியதும் சரியானது. 3.1.0க்கு முந்தைய பதிப்பில் இந்த வசதி கிடையாது.

சிங்க்கை பேக்கப் என்று நம்பக் கூடாது. இங்கே தவறி அழித்தது அடுத்த ஓட்டத்தில் அங்கேயும் அழியும். பேக்கப்புக்கு நாளொரு ஃபோல்டர், --லிங்க்-டெஸ்ட்டில் நேற்றைய ஃபோல்டர்: மாறாத கோப்புகள் ஹார்ட் லிங்க்காக, அதாவது பழைய கோப்புக்கே இன்னொரு பெயராக நிற்கும், இடம் அடைக்காது. முழுப் பாதை இல்லாமல் சார்புப் பாதை கொடுத்தால் அது இலக்கு ஃபோல்டரிலிருந்து கணக்கிடப்படும். பாதை தப்பினால் ஓர் எச்சரிக்கை வரியோடு மொத்தத்தையும் புதிதாக நகலெடுக்கும். டிஸ்க் நிறையும்போதுதான் தெரியவரும். பேக்கப் சர்வரே வந்து இழுத்துக்கொள்வது நல்லது. வெப் சர்வர் யாரிடமாவது சிக்கினாலும் பழைய நகல்களைத் தொட முடியாது.

ஓடிக்கொண்டிருக்கும் மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸின் கோப்புகளை ஆர்சிங்க் செய்வது வீண். டேட்டாபேஸை ஒரு கோப்பாக (டம்ப்) எடுத்துத் தரும் மைஎஸ்க்யூஎல்டம்ப்பை, ஒரே கணத்தின் நிலையைப் பிடிக்கும் --சிங்கிள்-டிரான்சாக்ஷனோடு ஓட்டுங்கள். இன்னோடிபி என்ற சேமிப்பு வகை அட்டவணைகளுக்கு மட்டுமே அது உதவும். டம்ப் முதலில், கோப்புகள் பிறகு. வரிசை மாறினால், இடையில் ஏற்றிய படத்துக்கு டேட்டாபேஸில் பதிவு இருக்கும், படம் இருக்காது.

குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் கிரானில், ஆர்சிங்க் முடியும்போது தரும் எண் 24 வந்தால், பட்டியல் எடுத்த பிறகு ஏதோ கோப்பு மறைந்திருக்கிறது. பெரும்பாலும் தற்காலிகக் கோப்புகளின் கேஷ் ஃபோல்டர்தான், அதை --எக்ஸ்க்ளூட் கொடுத்து விலக்கினால் போதும். 23 என்றால் சில கோப்புகள் போய்ச் சேரவில்லை, லாக்கைத் திறந்தே ஆக வேண்டும்.