ட்ரூமனும் உருக்காலைகளும்

அமெரிக்க அதிபர் நினைத்தால் எதையும் செய்துவிடலாம் என்று யாராவது சொன்னால், நான் உடனே எடுத்துவிடுவது அதிபர் ட்ரூமன் கதைதான்.

1952 ஏப்ரல். கொரியப் போர் நடக்கிறது. உருக்காலைத் தொழிலாளர்கள் ஸ்டிரைக் அறிவித்துவிட்டார்கள். உருக்கு இல்லாமல் பீரங்கி ஏது, குண்டு ஏது? ஸ்டிரைக் தொடங்க ஓரிரு மணி நேரம் இருக்கும்போது, ஆலைகளை அரசே எடுத்துக்கொள்கிறது என்று ட்ரூமன் அறிவித்துவிட்டார். முதலாளிகள் கோர்ட்டுக்கு ஓடினார்கள்.

ஸ்டிரைக்கை 80 நாள் தள்ளிப்போட ஏற்கெனவே ஒரு சட்டம் இருந்தது. டாஃப்ட்-ஹார்ட்லி சட்டம். 1947-இல் ட்ரூமன் அதை வீட்டோ செய்தார், அதாவது கையெழுத்திட மறுத்துத் திருப்பி அனுப்பினார். அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டோடு அந்த வீட்டோவையே தூக்கிப் போட்டது. அந்தச் சட்டத்தைத் தொட அவருக்கு மனசு வரவில்லை. (வீம்புதான், வேறென்ன!)

உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் முந்தைய அதிபர் ரூஸ்வெல்ட்டோ ட்ரூமனோ நியமித்தவர்கள். அவர்களில் டாம் கிளார்க் ட்ரூமனிடமே அட்டர்னி ஜெனரலாக (நீதித்துறைத் தலைவராக) இருந்தவர். நம்ம ஆட்கள்தானே என்ற தைரியம் இருந்திருக்கும். ஜூன் 2-இல் தீர்ப்பு வந்தது. 6-க்கு 3, உத்தரவு செல்லாது. சட்டம் இயற்றுவது காங்கிரஸின் வேலை, அதிபருடையது அல்ல. கிளார்க்கும் எதிர்ப்பக்கம்தான்!

ட்ரூமன் ஆலைகளைத் திருப்பிக் கொடுத்தார். அதன்பின் ஸ்டிரைக் 50 நாளுக்கு மேல் ஓடியது.

தீர்ப்பை எழுதிய நீதிபதி ஹியூகோ பிளாக் பிறகு ட்ரூமனை வீட்டுக்கு விருந்துக்கு அழைத்தார். போனவர் முதலில் உர்ரென்றுதான் இருந்தாராம். போர்பன் விஸ்கி உள்ளே இறங்கியதும், உங்கள் சட்டம் எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் இந்தச் சரக்கு பிரமாதம் என்கிற மாதிரி சொன்னாராம்.