லட்சமே இல்லாத ஊரில் லட்சத்துக்கு எத்தனை?

போன வாரம் அக்கா வாட்ஸப்பில் ஒரு பட்டியல் அனுப்பியிருந்தாள். உலகத்திலேயே கொலை அதிகம் நடக்கும் நாடுகளாம். அதில் கரீபியன் கடலில் இருக்கும் குட்டித் தீவு நாடான செயின்ட் கிட்ஸ் அண்ட் நெவிஸ் பெயரைச் சுற்றி அவளே சிவப்பில் வட்டம் போட்டிருந்தாள். அவள் மகளுக்கு அங்கே மருத்துவம் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. "நீ மூணு வருஷம் இருந்தவதானே, உள்ளதைச் சொல்லு" என்று கீழே ஒரு வரி.

2010-இல் என் கணவருக்கு அங்கே வேலை கிடைத்து, தலைநகர் பாஸ்டேரில் குடியேறினோம். நான் படித்தது புள்ளியியல். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தேன். மறு வருடம், 2011-இல், அந்த நாட்டில் 34 கொலைகள் நடந்தன.

கணக்கை முதலில் முடித்துவிடுகிறேன். கொலை விகிதத்தை ஒரு லட்சம் பேருக்கு இத்தனை என்றுதான் சொல்வார்கள். 2021-இல் உலகச் சராசரி 5.8. இந்தியாவில் 2-ஐ ஒட்டி வரும். செயின்ட் கிட்ஸ், நெவிஸ் என்ற இரண்டு தீவையும் சேர்த்தாலும் அங்கே இருப்பது ஏறத்தாழ 50 ஆயிரம் பேர். அதனால் அங்கே ஒருவர் செத்தால் விகிதத்தில் இரண்டு ஏறும். 2023-இல் 31 கொலைகள், விகிதம் 60-ஐத் தொட்டது. அதில் மூன்றில் ஒரு பங்குகூட நடக்காத வருடங்களும் உண்டு. நாடு அதற்குள் தலைகீழாகிவிடவில்லை. இரண்டு கும்பலுக்குள் பகை மூண்டு, பழிக்குப் பழி என்று சில மாதம் ஓடினாலே அந்த வருடத்துப் பட்டியலில் பெயர் மேலே போய்விடும்.

சரி, எண் சின்னது என்றால் துக்கமும் சின்னதுதானே என்று போன புதிதில் நானும் நினைத்திருந்தேன். ஒரு மினி பஸ்ஸில் அந்த நினைப்பு போயிற்று.

அங்கே பஸ்ஸில் ஏறினால் பொதுவாக எல்லோருக்கும் 'குட் ஆஃப்டர்நூன்' சொல்லிவிட்டுத்தான் உட்கார வேண்டும். சொல்லாதவர்களை ஒரு மாதிரி பார்ப்பார்கள். அன்றும் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று டிரைவர் ரேடியோவைச் சத்தமாக வைத்தார். மரண அறிவிப்பு. இறந்த பையனின் முழுப்பெயர், அப்புறம் ஊரில் எல்லோரும் கூப்பிடும் செல்லப்பெயர். செல்லப்பெயரைக் கேட்ட பிறகுதான் பஸ்ஸில் "ஐயோ, அவனா" என்று முனகல் எழுந்தது. பிறகு அம்மா பெயர், அப்பா பெயர், கூடப்பிறந்தவர்கள், சித்தி, மாமா, அவர்கள் பிள்ளைகள், அண்டை வீட்டார், நண்பர்கள் என்று ஒவ்வொரு பெயராகப் படித்துக்கொண்டே போனார்கள். அவ்வளவு நீளமான பட்டியலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. பாதியில் ஒரு பெயர் வந்தபோது என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்மணி மடியிலிருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அது அவர் பெயர். சுடப்பட்ட பையனுக்கு அவர் பெரியம்மா.

விகிதம் என்று நாம் எழுதும் எண்ணுக்குள் அந்தப் பட்டியல் வராது. 34 கொலை என்றால் அப்படி 34 பட்டியல். 50 ஆயிரம் பேர் இருக்கும் நாட்டில், அவற்றில் எதிலும் தொடர்பே இல்லாத வீடு எத்தனை இருக்கும்?

தண்டனை போதவில்லை என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2008 டிசம்பரில் பாஸ்டேர் சிறையில் ஒருவரைத் தூக்கிலிட்டார்கள். அதற்குப் பிறகு மூன்றே வருடத்தில்தான் அந்த 34. பயம் வேலை செய்யவில்லை. பிடிபட்டால்தானே பயம்? பார்த்தவர்கள் இருப்பார்கள், வாய் திறக்க மாட்டார்கள். செயின்ட் கிட்ஸ் தீவே 168 சதுர கிலோமீட்டர்தான். சாட்சி சொன்னவரை அதற்குள் எங்கே ஒளித்து வைப்பது? சுட்டவனின் அம்மாவும் செத்தவனின் அம்மாவும் ஒரே கடையில்தான் ரொட்டி வாங்குவார்கள்.

அந்தத் தீவுகளில் துப்பாக்கி தயாரிப்பதில்லை. எங்கள் வீட்டுக்கார அம்மாவுக்கு அமெரிக்காவிலிருக்கும் மகள் கிறிஸ்துமஸுக்கு ஒரு பேரல் அனுப்புவார், இடுப்பளவு உயர டிரம். திறக்கும்போது என்னையும் கூப்பிட்டார். அரிசி, சோப்புத்தூள், டின் மீன், பேரனுக்கு ஷூ, இண்டு இடுக்கெல்லாம் திணித்த சாக்ஸ். அரிசியில்கூட சோப்பு வாசம். ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் வைத்தவர், ஷூவை எடுத்ததும் கை நின்றது. "அதுவும் இப்படித்தான் வருது" என்றார். எதைச் சொல்கிறார் என்று நான் கேட்கவில்லை. 2018 முதல் 2022 வரை கரீபியன் நாடுகளில் பிடிபட்டு, எங்கிருந்து வந்தன என்று தேடப்பட்ட துப்பாக்கிகளில் 73 சதவீதம் அமெரிக்காவிலிருந்து வந்தவை என்று அந்த நாட்டு அரசின் தணிக்கை அமைப்பே சொல்லியிருக்கிறது. கரீபியன் தலைவர்களும் 2023 ஏப்ரலில் டிரினிடாடில் கூடி, வன்முறையைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாகப் பார்க்கப்போவதாக அறிவித்தார்கள். அது சரியான முடிவு என்பது என் எண்ணம். நோயைத் தேடுவதுபோல எங்கிருந்து வருகிறது, யாருக்கு முதலில் பரவுகிறது என்று தேடினால்தான் வழி பிறக்கும்.

எனக்கு ஆறாத ஒன்று உண்டு. 2010 நவம்பரில் கப்பலில் வந்த பயணிகளின் பஸ்ஸைத் துப்பாக்கி முனையில் கொள்ளையடித்தார்கள். யாரும் சாகவில்லை. ஆனால் கொஞ்ச நாளைக்குச் சில கப்பல்கள் வருவதையே நிறுத்திவிட்டன, வெளிநாட்டுப் பத்திரிகையிலும் செய்தி வந்தது. அந்த ஊர்ப் பையன்கள் ஒருவர்பின் ஒருவராகச் செத்ததற்கு எந்தக் கப்பலும் நிற்கவில்லை.

நேற்று இரவு அக்கா மகளுக்கே போன் செய்தேன். ராத்திரி தனியாக நடக்காதே, வீடு பார்க்கும்போது சீனியர்களைக் கேள் என்றெல்லாம் சொன்னேன். பஸ்ஸில் ஏறினால் வணக்கம் சொல்ல மறக்காதே என்றேன். அப்புறம், டிரைவர் ரேடியோ சத்தத்தைக் கூட்டினால் காதில் மாட்டியிருப்பதைக் கழற்றிவிடு. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் பெயர் அதில் வரலாம்.