முகட்டில் ஏறுங்கள், ஓடையோடு இறங்குங்கள்

ஆஸ்திரேலியக் காட்டில் நெடுநடை போகத் திட்டமிடுகிறவர்கள் முதலில் கேட்பது "மொத்தம் எத்தனை கிலோமீட்டர்?" என்பதுதான். பாதையில்லாத இடத்தில் அந்த எண்ணை வைத்து எதையும் கணக்கிட முடியாது. சிட்னிக்கு மேற்கே உள்ள புளூ மவுண்டன்ஸையே எடுத்துக்கொள்வோம். தீயணைப்பு வண்டிகளுக்காக வெட்டிய மண்சாலையில் சுமையோடு மணிக்கு 4 கி.மீ. போகலாம். மரங்கள் விலகி நிற்கும் முகட்டில், தடம் இல்லாவிட்டாலும் 2 கி.மீ. போகலாம். பாறாங்கற்கள் குவிந்த ஓடையில் அது 1 கி.மீ.யாகக் குறையும். நெருக்கமான புதரில் அரை கி.மீ. நகர்ந்தாலே பெரிது. வரைபடத்தில் ஒரே நீளமாகத் தெரியும் இரண்டு கோடுகளில் ஒன்று இரண்டு மணி நேர நடையாகவும் மற்றது முழுநாள் வேலையாகவும் இருக்கும்.

1892இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி ஒரு கணக்கு சொன்னார். கிடையாக 5 கி.மீ.க்கு ஒரு மணி, ஏற்றத்தில் 600 மீட்டருக்குக் கூடுதலாக ஒரு மணி. அதன்படி 12 கி.மீ. தூரமும் 800 மீட்டர் ஏற்றமும் உள்ள நாளுக்கு ஏறத்தாழ மூன்றே முக்கால் மணி நேரம் போதும். புளூ மவுண்டன்ஸில் தடமில்லாத நிலத்துக்கு அதை இரட்டிப்பாக்குங்கள், ஓடைப் பகுதி வந்தால் மும்மடங்காக்குங்கள். ஜூன் மாதத்தில் இங்கே மாலை ஐந்துக்கு முன்பே சூரியன் மறைந்துவிடுகிறது. பள்ளத்தாக்கின் அடியில் அதற்கும் வெகு முன்பே வெளிச்சம் மங்கும். அதனால் குளிர்கால நாளில் நடைக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் ஒதுக்குவது சரியல்ல.

வழி கண்டுபிடிப்பதில் முகடும் ஓடையும் ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை. இது மனதில் பதிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. முகட்டில் ஏறும்போது கிளை முகடுகள் வந்து சேர்ந்துகொண்டே இருக்கும், எந்தக் கிளையில் தொடங்கினாலும் கடைசியில் ஒரே உச்சிக்குத்தான் போவீர்கள். அதே முகட்டில் இறங்கினால் ஒவ்வொரு நூறு மீட்டரிலும் அது இரண்டாகப் பிரியும். பிரியும் இடம் பெரும்பாலும் தட்டையாக, மரங்கள் மறைக்க, கண்ணுக்குத் தெரியாமலே இருக்கும். ஓடை இதற்கு மாறானது. கீழ்நோக்கிப் போனால் கிளை ஓடைகள் சேர்ந்து ஒன்றாகும், மேல்நோக்கிப் போனால் ஒவ்வொரு சந்திப்பிலும் எந்தப் பக்கம் என்று முடிவெடுக்க வேண்டும். ஆகவே சுற்றுவழி ஒன்றைத் திட்டமிடும்போது ஏற்றத்தை முகட்டிலும் இறக்கத்தை ஓடையிலும் வைத்தால் வழி தவறும் வாய்ப்பு குறையும். ஆனால் வழி தெளிவாக இருக்கிறது என்பதற்காக ஓடையில் இறங்குவது எளிது என்று நினைத்துவிடக் கூடாது. அருவிகள் குறுக்கிடும். அதைப் பிறகு சொல்கிறேன்.

முகட்டில் இறங்கியே ஆக வேண்டுமென்றால், புறப்படும் முன்பே வரைபடத்தில் பிரியும் இடங்கள் ஒவ்வொன்றையும் குறித்து, அங்கிருந்து போக வேண்டிய திசையை எழுதிக்கொள்ளுங்கள். அந்த இடம் வந்ததும் நின்று திசைகாட்டியைப் பார்த்த பிறகே அடுத்த அடி. தவறான கிளையில் 100 மீட்டர் உயரம் இறங்கிவிட்டால் மனம் திரும்பி ஏற மறுக்கும், "பக்கவாட்டில் குறுக்கே போய்ச் சேர்ந்துவிடலாம்" என்று சொல்லும். இந்தச் சரிவுகளில் பக்கவாட்டு நடைதான் மிக மோசமானது. இடையில் ஆழமான பள்ளங்களும் நழுவும் கற்களும் இருக்கும். இறங்கிய வழியே திரும்பி ஏறுவதே எப்போதும் குறைந்த நேரம் பிடிக்கும்.

வரைபடம் 1:25,000 அளவில் வேண்டும். அதில் 4 செ.மீ. ஒரு கி.மீ. ஆகும். இந்தப் பகுதியின் தாள்கள் பலவற்றில் சம உயரக்கோடுகள் 10 மீட்டர் இடைவெளியில் வரும். அதன் பொருள், 8 மீட்டர் செங்குத்துப் பாறை இரண்டு கோடுகளுக்கு நடுவே முழுதாக ஒளிந்துகொள்ள முடியும். மணற்கல் நிலத்தில் இது அடிக்கடி நடக்கும். வரைபடத்தில் மென்மையான சரிவாகத் தெரிந்த இடத்தில் கால்விரல்களுக்குக் கீழே வெறும் காற்று இருக்கும். உச்சி மேட்டைச் சுற்றிப் பாறைச்சுவர் ஓடும் இடங்களில் இறங்கும் வழி என்பது சுவரில் உள்ள சில பிளவுகள் மட்டுமே. அவற்றை இங்குள்ளவர்கள் பாஸ் என்பார்கள். பாஸ் எங்கே என்று உறுதியாகத் தெரியாமல் மாலையில் சுவர் விளிம்பில் போய் நிற்பதைத் திட்டத்திலேயே தவிர்க்க வேண்டும்.

காந்த விலக்கம், அதாவது திசைகாட்டி காட்டும் வடக்குக்கும் வரைபடத்தின் வடக்குக்கும் உள்ள வேறுபாடு, இங்கே ஏறத்தாழ 12 முதல் 13 பாகை கிழக்கு. வரைபடக் கட்டத்திலிருந்து அளந்த கோணத்தில் அதைக் கழித்துத் திசைகாட்டியில் வைக்க வேண்டும். கழிக்க மறந்தால் ஒரு கி.மீ. நடையில் 200 மீட்டருக்கு மேல் விலகிப்போவீர்கள், அதாவது அடுத்த கிளை முகட்டில் இருப்பீர்கள். பழைய தாள்களில் இன்னொரு கண்ணியும் உண்டு. ஏஜிடி66 என்ற பழைய ஆஸ்திரேலிய நில அளவை அடிப்படையில் அச்சான வரைபடத்துக்கும் இன்றைய ஜிபிஎஸ் எண்களுக்கும் இடையே சுமார் 200 மீட்டர் வேறுபாடு இருக்கும். பழைய நடைக்குறிப்பில் உள்ள எண்களை அப்படியே கருவியில் போடாதீர்கள். ஒடுங்கிய பள்ளத்தாக்கில் ஜிபிஎஸ்ஸும் நம்பத்தக்கதல்ல. செயற்கைக்கோள் சிக்னல் பாறைச்சுவரில் பட்டுத் திரும்பி வருவதால், நீங்கள் சுவரின் மேலே நிற்பதாகக்கூட அது காட்டும். அங்கே பக்க ஓடைகளை எண்ணிக்கொண்டு போவதே சரியான வழி.

திசை வைப்பதில் ஒரு சின்ன உத்தி பெரிதும் உதவும். ஓடைச் சந்திப்பை அடைய வேண்டுமென்றால் நேராக அதை நோக்கிப் போகாமல், வேண்டுமென்றே மேலோடைப் பக்கமாகச் சற்று விலகிப் போங்கள். நீர் கண்ணில் பட்டதும் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதில் சந்தேகமே வராது.

இதையெல்லாம் ஒரே நடையில் பார்க்க வேண்டுமென்றால் கட்டூம்பாவிலிருந்து கனங்ரா வால்ஸ் வரையிலான வழியைச் சொல்வேன். ஏறத்தாழ 45 கி.மீ., சுமையோடு மூன்று நாள். நேரோ நெக் என்ற நீண்ட ஒடுங்கிய மேட்டில் மண்சாலையாகத் தொடங்கி, டாரோஸ் லேடர் என்னும் இரும்புப் பிடிகளில் பாறைச்சுவரை இறங்கி, மெட்லோ கேப், யெல்லோ டாக் வழியாக யெல்லோ பப் முகட்டில் காக்ஸ் ஆற்றுக்குச் சரிகிறது. ஆற்றைக் கடந்ததும் மவுண்ட் ஸ்ட்ராங்லெக். பெயரே எச்சரிக்கை. ஆற்றிலிருந்து 1,164 மீட்டர் உயர கிளவுட்மேக்கர் சிகரம் வரை நீண்ட ஏற்றம், அதில் பெரும்பங்கு தொடக்கத்திலேயே வந்துவிடும். கிளவுட்மேக்கருக்கு அப்பால் ரிப், ரேக், ரோர், ரம்பிள், ஸ்டார்ம்பிரேக்கர் என்று சிறு சிகரங்கள் வரிசையாக வரும். ஒவ்வொன்றும் கொஞ்சம் இறக்கி மறுபடி ஏற்றும். ஓய்ந்த கால்களோடு அந்தப் பகுதிக்கு வருவதால் நேரக் கணக்கில் அதைத் தாராளமாக வையுங்கள்.

இந்தத் திசையில் போனால் பெரிய ஏற்றம் முகட்டில் அமைகிறது, கிளைகள் உங்களுக்குச் சாதகமாகச் சேரும். யெல்லோ பப் இறக்கம்தான் கவனம் கேட்கும் இடம். எதிர்த் திசையில் வந்தால் ஸ்ட்ராங்லெக்கில் இறங்க வேண்டும். நீளமும் செங்குத்தும் சேர்ந்த அந்த இறக்கத்தில் வழியோடு முழங்கால்களும் சோதிக்கப்படும்.

தண்ணீர்தான் இங்கே நாளைத் தீர்மானிக்கிறது. முகடுகள் வறண்டவை. யெல்லோ டாக் பக்கத்தில் மாப்ஸ் சோக் என்ற ஊற்று, கீழே காக்ஸ் ஆறு, மேலே கிளவுட்மேக்கரை ஒட்டிய டெக்ஸ் ஓடை, இவற்றுக்கு நடுவே நம்பத்தகுந்த நீர் இல்லை. வறட்சிக் காலத்தில் ஊற்றும் டெக்ஸும் கூட வற்றலாம். அதனால் ஆற்றை விட்டு ஏறும்போது ஆளுக்கு 4 லிட்டர், வெயில் காலமானால் 5. அது முதுகில் 5 கிலோ கூடுவதுதான், ஆனாலும் அதைக் குறைக்கக் கூடாது. ஆற்று நீரைக் கொதிக்கவைத்தோ வடிகட்டியோ குடியுங்கள். காக்ஸ் மேலே லித்கோ ஊரையும் பண்ணை நிலங்களையும் தாண்டி வருகிறது. வடிகட்டி கிருமிகளை நிறுத்தும், ரசாயனத்தை நிறுத்தாது. ஆகவே பக்க ஓடையில் நீர் ஓடினால் அதையே எடுங்கள். இந்த ஆறு சிட்னியின் குடிநீர்த் தேக்கமான பரகொராங் ஏரியில் கலக்கிறது. ஏரியைச் சுற்றி 3 கி.மீ. வரை நுழையத் தடை உள்ளதால், ஆற்றோடு கீழே போய்ப் பார்க்கலாம் என்ற எண்ணமே வேண்டாம்.

காக்ஸ் கரையில் சவுக்கு இன மரங்கள் நிற்கும் புல்வெளிகள் இரவு தங்க அருமையானவை. ஆனால் நீர்மட்டத்திலிருந்து நன்றாக மேலே கூடாரம் போடுங்கள். மேலே எங்கோ பெய்த மழை இரவில் இங்கே வந்து சேரும். ஆறு தொடைக்கு மேல், கலங்கலாக, வேகமாக ஓடினால் கடக்காதீர்கள். ஒரு நாள் காத்திருந்தால் பெரும்பாலும் வடிந்துவிடும். அந்த ஒரு நாளுக்கான உணவு பையில் இருக்க வேண்டும். கடக்கும்போது இடுப்புப் பட்டை ஒரே இழுப்பில் கழலும்படி இருக்கட்டும், காலணியைக் கழற்ற வேண்டாம். யூகலிப்டஸ் மரங்களுக்கு அடியில் கூடாரம் போடுவது வேறொரு ஆபத்து. காற்றே இல்லாத நாளிலும் அவை பெரிய கிளைகளை உதிர்க்கும், தீயில் வெந்த மரங்கள் இன்னும் அதிகமாக.

இனி அருவிகள். ஓடையில் இறங்கும்போது மூன்று மீட்டர் பாறையில் வழுக்கி இறங்கிவிடலாம், திரும்பி ஏற முடியாது. அடுத்த வளைவில் இருபது மீட்டர் அருவி வந்தால் முன்னும் போக முடியாது, பின்னும் போக முடியாது. காட்டு நடையில் மீட்புக் குழுவை அழைக்க வைக்கும் நிலைமைகளில் இது முக்கியமானது. ஏறித் திரும்ப முடியாத எந்தப் பாறையிலும் இறங்காதீர்கள். 20 மீட்டர் நீளமுள்ள 8 மி.மீ. கயிறு ஒன்று குழுவுக்கு வேண்டும், பைகளைத் தனியே இறக்கவும் தயங்குகிறவருக்குப் பிடி கொடுக்கவும். அருவி வந்தால் அதன் விளிம்பில் நின்று யோசிக்காமல், சற்றுப் பின்வாங்கிப் பக்கச் சரிவில் ஏறிச் சுற்றுங்கள்.

ஈரப்பாறைக்குக் காலணி முக்கியம். கனத்த தோல் பூட்ஸ் நனைந்தால் காயாது, பாசி படிந்த கல்லில் வழுக்கும். மென்மையான ரப்பர் அடியுள்ள இலேசான காலணிதான் நல்லது. டன்லப் வாலி என்ற கேன்வாஸ் டென்னிஸ் காலணியை இந்த வட்டாரத்து நடையர்கள் தலைமுறைகளாக அணிவது அதனால்தான். இலேசானது கணுக்காலைக் காக்காது. அதை ஈடுகட்ட நடையை மெதுவாக்க வேண்டும்.

புதரைப் பற்றி ஒன்று. 2019–20 கோடையின் தீ இந்தக் காடுகளை மாற்றிவிட்டது. கோஸ்பர்ஸ் மவுண்டன் தீ மட்டும் 5 லட்சம் ஹெக்டேருக்கு மேல் எரித்தது. எரிந்த இடங்களில் வேல இனச் செடிகளும் பெரணியும் நெருக்கியடித்து முளைத்தன, நடுவே கரிந்த மரங்கள் குறுக்கே கிடக்கின்றன. தீக்கு முன்பு எழுதிய குறிப்பில் "திறந்த முகடு, ஒரு மணி நேரம்" என்று இருந்தால் அந்த நேரத்தை நம்பாதீர்கள். பொதுவாக வடக்கும் மேற்கும் பார்த்த சரிவுகள் வெயில் பட்டு வறண்டு திறந்திருக்கும். தெற்கும் கிழக்கும் பார்த்தவை ஈரமாக, கொடியும் முள்ளுமாக இருக்கும். நண்பகல் சூரியன் இங்கே வடக்கில் என்பதால் இந்த அமைப்பு. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடிந்தால் வறண்ட பக்கமே. தோட்ட வேலைக்கான தோல் கையுறையும் முழங்கால் வரை மூடும் கெய்ட்டரும் புதரில் நாளைக் காப்பாற்றும். ஆற்றங்கரை நெட்டில் செடி தொட்டால் நெடுநேரம் எரியும், முழுக்கால் உடை போடுங்கள்.

பாம்பு கடித்தால் கழுவாதீர்கள், நடக்காதீர்கள். தோலில் படிந்த நஞ்சை வைத்தே மருத்துவமனையில் எந்தப் பாம்பு என்று சோதிக்க முடியும். 10 முதல் 15 செ.மீ. அகல எலாஸ்டிக் கட்டு ஒன்றைக் கடித்த இடத்தின் மீது இறுக்கிச் சுற்றி, இன்னொன்றை விரல்களிலிருந்து தொடங்கி அந்தக் கை அல்லது காலின் மேல்பகுதி வரை சுற்றி, குச்சி வைத்து அசையாமல் கட்டுங்கள். நஞ்சு நிணநீர் வழியே பரவுகிறது, தசை அசைந்தால் வேகமாகப் பரவும். ஆளுக்கு இரண்டு கட்டுகள் பையின் மேலறையில் இருக்க வேண்டும். உண்ணி கடித்தால் பிய்க்கவோ கசக்கவோ கூடாது. ஈதர் கலந்த ஸ்ப்ரேயால் அது இருக்கும் இடத்திலேயே உறையவைத்துக் கொல்வதே இங்குள்ள ஒவ்வாமை மருத்துவர்களின் அறிவுரை.

பள்ளத்தாக்கில் கைபேசி வேலை செய்யாது. செயற்கைக்கோள் வழியே மீட்புக் குழுவை அழைக்கும் 406 மெகாஹெர்ட்ஸ் அவசர பீக்கன் ஒன்று குழுவில் இருந்தே ஆக வேண்டும். சொந்தமாக இல்லையென்றால் கட்டூம்பா காவல் நிலையத்தில் இலவசமாக இரவல் தருகிறார்கள், நடைத்திட்டப் படிவத்தையும் நிரப்பிக் கொடுத்துவிடலாம். ஆன்டெனா நேர் மேலே, வானம் திறந்த இடத்தில். பாறைக்குகைக்குள் வைத்து இயக்கினால் பயனில்லை. இயக்கிய பிறகு அந்த இடத்தை விட்டு நகராதீர்கள். நால்வராவது சேர்ந்து போவது நல்லது. ஒருவருக்கு அடிபட்டால் ஒருவர் துணையிருக்க, இருவர் உதவிக்குப் போகலாம்.

கோடையில் புறப்படும் காலை தீ அபாய அறிவிப்பையும் பூங்கா மூடல் அறிவிப்பையும் பாருங்கள். முழுத் தீத்தடை நாளில் கேஸ் அடுப்பையும் காட்டில் பற்றவைக்க முடியாது, சமைக்காமல் உண்ணக்கூடியது கொஞ்சம் பையில் இருக்கட்டும். வண்டியில் ஏறும் முன் காலணி, கெய்ட்டர், கூடார முளை எல்லாவற்றிலும் ஒட்டிய மண்ணைத் துலக்கி எடுத்துக் கிருமிநாசினி தெளியுங்கள். ஃபைட்டாஃப்தோரா என்ற வேரழுகல் நோய் அந்த மண்ணில்தான் ஒரு பள்ளத்தாக்கிலிருந்து இன்னொன்றுக்குப் போகிறது. புகுந்த இடத்திலிருந்து அதை அகற்ற வழியில்லை.